உதவிப் பணம் நின்னு அஞ்சு வருஷம் கழிச்சு வந்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கமுங்க.

அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தினதைப் பத்தி பேப்பர்ல வர்ற செய்தியை ஒண்ணு விடாம படிச்சுட்டு வர்றேன். 2025 ஜனவரி 20-ல, 90 நாளைக்கு எல்லாத்தையும் நிறுத்தி வைங்கன்னு ஒரு கையெழுத்து, ஜூலை 1 வந்தப்ப அமெரிக்க அரசோட வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு உதவி வேலையையே மூட்டை கட்டிடுச்சு. இதுல ரெண்டு கட்சியா பேசிக்கிறாங்க, வெளிநாட்டுக் காசு கொட்டி என்னத்தை சாதிச்சாங்கன்னு ஒரு பக்கம், இத்தனை உயிரைக் காப்பாத்துன திட்டத்தை இப்படி அறுக்கலாமான்னு இன்னொரு பக்கம், ரெண்டு பேருமே கையில நம்பர் வச்சிருக்காங்க. அந்த நம்பரெல்லாம் எங்க பொறக்குதுன்னு எனக்குத் தெரியும், ஏன்னா அதை ரெஜிஸ்டர்ல எழுதுனவங்கள்ல நானும் ஒருத்தி. அதனாலதான் எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்குங்க.

நான் நாமக்கல் பக்கத்துக்காரி. 2002-ல ஒரு தொண்டு நிறுவனத்துல களப்பணிக்குச் சேர்ந்தேன், லாரிப் பட்டறை, லோடு ஆபீஸ், பைபாஸ் டீக்கடைன்னு போயி டிரைவருங்ககிட்டயும் கிளீனர் பசங்ககிட்டயும் எச்.ஐ.வி. பத்தி, ஆணுறை பத்தி பேசுற வேலை. அப்புறம் நம்பிக்கை மையத்துல, அதாவது எச்.ஐ.வி. டெஸ்டும் ஆலோசனையும் கொடுக்குற இடத்துல, கவுன்சிலரா இருந்தேன். எல்லாம் சேர்த்து 14 வருஷம். அந்த 14 வருஷத்துல, கொடுத்த பணத்துக்கு வேலை நடந்துச்சான்னு பார்க்குற மதிப்பீட்டுக் குழுன்னு எத்தனை கார் வந்து போயிருக்கும்னு எண்ணல, ஆனா ஒவ்வொரு தடவையும் முன்னாடி நாள் ராத்திரி 11 மணி வரைக்கும் உக்காந்து ரெஜிஸ்டர் எழுதினது ஞாபகம் இருக்கு, பொய் எழுதல, விட்டுப் போனதை நிரப்பினோம், வேலை பண்றதா அதை எழுதுறதான்னு வந்தா நாங்க வேலையைப் பண்ணிட்டு எழுத்தை விட்டுடுவோம், கார் வர்ற அன்னைக்கு மட்டும் எழுத்துதான் பேசும்.

வந்தவங்க கேக்குறது எப்பவும் ஒண்ணுதான். இந்தக் காலாண்டுல எத்தனை பேரைப் பார்த்தீங்க, எத்தனை பேரை டெஸ்டுக்கு அனுப்புனீங்க, எத்தனை ஆணுறை கொடுத்தீங்க. ஒரே ஒரு தடவை, மத்த வெளிநாட்டுக்காரங்களோட வந்த ஒரு வயசான அம்மா, தமிழ் தெரிஞ்சவங்க, ரெஜிஸ்டரை மூடி வச்சுட்டு என்கிட்ட கேட்டாங்க, "ஏம்மா, நீ ஒரு மாசம் லீவு போட்டா உன் வேலையை யாரு பார்ப்பா?" எனக்குப் பதில் வரல. பக்கத்துல நின்ன எங்க சார் என்னமோ சொல்லி சமாளிச்சாரு. யாரும் பார்க்க மாட்டாங்க, அதான் உண்மை. அந்தக் கேள்வி அந்த வருஷ ரிப்போர்ட்டுல வந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது, ரிப்போர்ட்டை எங்க கண்ணுல யாரும் காட்டல. ஆனா நான் பார்த்தவரைக்கும் வெளிநாட்டு உதவியை எடை போடுறதுக்கு அதைவிட நல்ல கேள்வி கிடையாது.

நம்ம ஊரு கதையையே எடுத்துக்குங்க. 1986-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரி சேகரிச்சு, வேலூர் சிஎம்சிக்குக் கொண்டு போயி டெஸ்ட் பண்ணி, இந்தியாவுல எச்.ஐ.வி. இருக்குன்னு முதல்ல சொன்னாங்க. 1992-ல உலக வங்கி 8.4 கோடி டாலர் கடன் கொடுத்து தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பிச்சுது. 1994-ல தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், நாட்டுலயே முதல் மாநில சங்கம், பணம் கருவூலத்துல மாட்டிக்காம நேரா களத்துக்கு வரணும்னு செஞ்ச ஏற்பாடு, அதைப் பார்த்துட்டுதான் பின்னாடி மத்த மாநிலமெல்லாம் அதே மாதிரி வச்சுது. 1995-ல யுஎஸ்எய்டு பணத்துல சென்னை வி.எச்.எஸ்.ங்கிற தொண்டு ஆஸ்பத்திரி வழியா ஏபிஏசிங்கிற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் வந்துச்சு. 2003-ல பில் கேட்ஸ் அறக்கட்டளையோட அவாஹன்ங்கிற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம், தமிழ்நாடு உள்பட 6 மாநிலத்துல. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்குப் பல நாடு சேர்ந்து போடுற குளோபல் ஃபண்டு பணம் தனி. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமான்னு விழிப்புணர்வு விளம்பரம் சுவர் பூரா எழுதியிருந்தது இப்ப 40 வயசு தாண்டுன யாருக்கும் மறந்திருக்காது.

இவ்வளவும் நடந்துச்சு, நோயும் குறைஞ்சுது, அதுல சந்தேகமே வேண்டாம். தென் மாநிலங்கள்ல கர்ப்பிணிகளுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில 15 முதல் 24 வயசு வரைக்கும் இருக்குற பொண்ணுங்கள்ல 2000-ல 1.7 சதவீதம் பேருக்கு இருந்த தொற்று 2004-ல 1.1 சதவீதமா இறங்குச்சுன்னு 2006-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. அந்தச் செய்தி வந்த அன்னைக்கு நாங்க ஆபீஸ்ல ஜிலேபி வாங்கித் தின்னோம், அழுகையும் வந்துச்சு, நாமக்கல் பேரைச் சொன்னாலே எய்ட்ஸ் ஊரான்னு கேட்ட காலம் அது, பொண்ணு குடுக்க யோசிச்ச காலம்.

ஆனா இது யாரோட பணத்தால குறைஞ்சுது? 2000-க்கும் 2004-க்கும் நடுவுல இறங்குச்சுன்னா அவாஹன் அப்பத்தான் காலே ஊனுது. ஏபிஏசி இருந்துச்சு, மாநில சங்கம் இருந்துச்சு, உலக வங்கிக் கடன் இருந்துச்சு, கூடவே கண்ணு முன்னாடி சொந்தக்காரன் செத்ததைப் பார்த்து பயந்து தானா திருந்துனவங்களும் இருந்தாங்க. ஒரு காட்டுல விளைஞ்சதை நாலு பேரு அவங்கவங்க களத்துல அளந்து எழுதிக்கிட்டா மொத்த மூட்டை எத்தனைன்னு எப்படித் தெரியும்? எங்க ரெஜிஸ்டர்லயே இது நடந்துச்சு. ஒரு டிரைவர் அண்ணன் நாமக்கல்ல எங்க கணக்குல ஒரு ஆளு, சங்ககிரியில இன்னொரு நிறுவனத்துக் கணக்குல ஒரு ஆளு, ஓசூர் போனா அங்க மூணாவது ஆளு. மூணு பேரும் உண்மையைத்தான் எழுதுனோம், ஆனா மேல போயி கூட்டுனா ஒரு மனுசன் மூணு மனுசனா ஆயிடுறாரு.

அவாஹனை மதிப்பிட்டவங்களும் இந்தக் கஷ்டத்தை மறைக்கல. திட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நிலைமை எப்படி இருந்துச்சுன்னு அளந்து வைக்கல, முதல் பெரிய சர்வேயே 2005-லதான் ஆரம்பிச்சுது. அதனால பின்னாடி கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. 2003 முதல் 2008 வரைக்கும் ஏறக்குறைய 1 லட்சம் பேருக்குப் புதுசா தொற்று வராம தடுத்திருக்குன்னு 2011-ல ஒரு குழு எழுதுச்சு, 10 வருஷத்துல 6 லட்சம்னு 2013-ல வேற குழு வேற முறையில கணக்குப் போட்டு எழுதுச்சு. ரெண்டும் படிச்சவங்க நேர்மையா போட்ட கணக்குதான், நான் குறை சொல்லல. ஆனா வராத நோயை எண்றது எவ்வளவு கஷ்டம்னு படிக்கிறவங்க புரிஞ்சுக்கணும், அதை வச்சு ஒரு பைசாவுக்கு எத்தனை உயிருன்னு வகுத்துச் சொல்ற அளவுக்கு அந்த நம்பர் கெட்டியானது இல்ல.

இன்னொண்ணு. 2007 ஜூலை வரைக்கும் இந்தியாவுல எச்.ஐ.வி. உள்ளவங்க 50 லட்சத்துக்கு மேலன்னு சொல்லிட்டிருந்தாங்க, திடீர்னு 25 லட்சம்தான்னு மாத்துனாங்க. பாதி பேரு ஒரு ராத்திரியில குணமாகல, அளக்குற முறை மாறுச்சு. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வர்ற கர்ப்பிணிகளையும் பால்வினை நோய்க்காரங்களையும் வச்சே நாட்டுக்குக் கணக்குப் போட்டாங்க, அப்புறம்தான் தேசிய குடும்ப நல சர்வேயில வீடு வீடா 1 லட்சம் பேருக்கு மேல ரத்தம் எடுத்து 0.28 சதவீதம்னு கண்டுபிடிச்சாங்க. அந்த வாரம் ஒரு மீட்டிங்ல, பாருங்க நம்ம உழைப்பால பாதியா குறைஞ்சிடுச்சுன்னு ஒருத்தர் மைக்ல பேசுனாரு, கை தட்டுனாங்க. எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு, ஏன்னா நம்ம உழைப்பு உண்மை, அதுக்கு இப்படி ஒரு தப்பான கணக்கு தேவையே இல்ல.

ஆப்பிரிக்கா விஷயத்துக்கு வர்றேன். 2003-ல அமெரிக்க ஜனாதிபதி புஷ் ஆரம்பிச்ச பெப்ஃபார்ங்கிற எய்ட்ஸ் உதவித் திட்டத்தை ரெண்டு டாக்டருங்க 2009-ல எடை போட்டாங்க, திட்டம் நடந்த 12 நாட்டையும் நடக்காத 29 நாட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு. எய்ட்ஸ் சாவு 10.5 சதவீதம் குறைவா இருந்துச்சு, ஆனா தொற்று உள்ளவங்க விகிதத்துல வித்தியாசம் இல்ல. முதல் தடவை பார்த்தா என்னடா இதுன்னு இருக்கும். யோசிச்சா, மருந்து கொடுத்தா ஆளு சாகாம இருப்பாங்க, உசுரோட இருக்குறதால தொற்று உள்ளவங்க எண்ணிக்கை இறங்காது, அப்ப அந்த எண்ணிக்கை இறங்கலைங்கிறதை வச்சு திட்டம் தோத்துப் போச்சுன்னு சொல்ல முடியுமா? எதை அளக்குறோம்னு பார்க்காம நம்பரை மட்டும் எடுத்துட்டு வந்து சண்டை போடுறாங்க.

அமெரிக்கப் பணம் நின்ன பிறகு தென்னாப்பிரிக்காவுல நடக்குறதைப் பார்க்குறப்ப எனக்கு அந்த வயசான அம்மா கேட்ட கேள்விதான் காதுல கேக்குது. உலகத்துலயே எச்.ஐ.வி. உள்ளவங்க அதிகமா இருக்குற நாடு, ஏறக்குறைய 80 லட்சம் பேரு. மருந்தை அந்த அரசாங்கமே தன் காசுல வாங்குது, எச்.ஐ.வி. செலவுல அமெரிக்கப் பணம் 17 சதவீதம் மாதிரிதான் இருந்துச்சு. 17 தானே, சமாளிச்சுக்கலாம்னு தோணும். ஆனா அந்த 17-ல இருந்தவங்க யாரு? டெஸ்ட் பண்றவங்க, கவுன்சிலருங்க, கம்ப்யூட்டர்ல விவரம் ஏத்துறவங்க, மாத்திரை வாங்க வராதவங்களை வீடு தேடிப் போயி கூப்பிடுறவங்க. மருந்து அலமாரியில இருக்கும், அதைச் சாப்பிட வேண்டியவரு எங்க இருக்காருன்னு தெரிஞ்ச ஆளு வேலையில இருக்காது. 22 வருஷமா ஓடுன திட்டத்துல இந்த ஆளுங்களை அரசாங்கச் சம்பளத்துக்கு எப்ப மாத்துவீங்கன்னு எல்லா வருஷ மதிப்பீட்டுலயும் அழுத்திக் கேட்டிருக்கணுமா இல்லையா.

நம்ம நாடு அந்த அளவுக்கு மாட்டிக்கல, அதுக்கு நாம சந்தோஷப்படணும். 2004 ஏப்ரல் 1-ல எச்.ஐ.வி. உள்ளவங்களுக்கு இலவச கூட்டு மருந்து ஆரம்பிச்சப்பவே, நாட்டுல இருந்த முதல் 8 இடத்துல தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியும் ஒண்ணு. தேசிய எய்ட்ஸ் திட்டத்தோட 2021-ல இருந்து 2026 வரைக்குமான அஞ்சாவது கட்டத்துக்கு 15,471.94 கோடி ரூபாய்னு மத்திய அரசே தன் பட்ஜெட்ல இருந்து ஒதுக்குச்சு. அவாஹனும் 2009-ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போச்சு. போனப்ப ஒரு நல்ல பழக்கத்தை விட்டுட்டுப் போச்சு, அதை நான் நேர்ல பார்த்திருக்கேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அக்கா, பாலியல் தொழில்ல இருந்தவங்க, அவங்க பொறுப்புல 50 பொண்ணுங்க. படம் போட்ட ஒரு தாளு வச்சிருப்பாங்க, ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி, இந்த வாரம் பார்த்தாச்சா, ஆஸ்பத்திரி போனாளா, அடி உதை ஏதாச்சும் உண்டான்னு எல்லாத்துக்கும் சின்னச் சின்னப் படம், பேனாவால சுழிச்சுட்டே வருவாங்க. அந்தத் தாளைப் பார்த்து அவங்களே முடிவு பண்ணுவாங்க, நாளைக்கு யாரைத் தேடிப் போகணும்னு. மேல அனுப்புறதுக்காக எழுதுன எங்க ரெஜிஸ்டருக்கும், தனக்காக எழுதுன அந்தத் தாளுக்கும் எவ்வளவு தூரம்! அந்த முறையை அப்புறம் அரசுத் திட்டமே எடுத்துக்கிச்சு. உதவின்னா எனக்கு இதுதான் உதவி, பணம் போனாலும் தாளு நின்னுச்சு.

போனதும் உண்டு. நிதி ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாறுன சமயம் நான் வேலை பார்த்த இடத்துல நாலு மாசம் சம்பளம் வரல. ஊர் பேரு, ஆபீஸ் பேரு வேண்டாம். தோட்டை அடகு வச்சேன். கூட இருந்த மூணு பேரு, பத்து வருஷம் பயிற்சி வாங்குனவங்க, ஒருத்தி மெடிக்கல் ஷாப்புக்கும் ஒருத்தி ஸ்கூல் வேன்ல ஆயாவாவும் போயிட்டா, ஒருத்தர் கோழிப்பண்ணையில சூப்பர்வைசர். அவங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆன செலவு ரிப்போர்ட்டுல சாதனையா இருக்கும், இத்தனை பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதுன்னு. அவங்க போனது எந்த ரிப்போர்ட்டுலயும் இருக்காது, ஏன்னா அது நடந்தப்ப மதிப்பீட்டுக் காலம் முடிஞ்சு போச்சு.

மருந்து சாப்பிடுறவங்க பக்கம் ஒண்ணு சொல்லணும். என்கிட்ட வந்துட்டிருந்த ஒரு அக்கா, வீட்டுக்காரர் லாரி ஓட்டி இறந்தவரு, ரெண்டு பசங்க. அப்பெல்லாம் காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு மாத்திரை, ஒரு மாசத்துக்கு டப்பாவுல கொடுப்பாங்க. டவுன் பஸ்ல போறப்ப மாத்திரை டப்பாவுக்குள்ள கடகடன்னு ஆடும், பக்கத்துல உக்காந்த ஊர்க்காரங்க என்ன மாத்திரைன்னு கேப்பாங்கன்னு, சென்டர் வாசல்லயே டப்பாவைத் தொறந்து பஞ்சு திணிச்சு மூடி, மேல ஒட்டியிருக்குற லேபிளை நகத்தால சுரண்டி எடுத்துட்டு, மஞ்சப் பையில வெங்காயத்துக்கு அடியில வச்சுட்டுப் போவாங்க. வீட்டுல அரிசிக் குண்டாவுக்குள்ள. ஒரு நாளு என்னைப் பார்த்து, "கண்ணு, எனக்கு மட்டும்தான் பஞ்சுன்னு நினைச்சேன், இன்னைக்கு வரிசையில நாலு பேரு கையில பஞ்சு வச்சிருக்காங்க"ன்னு சொன்னாங்க. அந்தப் பஞ்சை எந்தப் படிவத்துல எழுத முடியும்? ஆனா மாத்திரையை யாரு பாதியில விடுவா, யாரு விட மாட்டாங்கன்னு சொல்றது அந்தப் பஞ்சுதான். தமிழ்ல எச்.ஐ.வி. உள்ளவங்களை உக்கார வச்சு ஒரு மணி நேரம் கேட்டா இது தெரியும், வந்த குழுவுக்கெல்லாம் எங்க மையத்துல இருந்த நேரமே முக்கால் மணி.

சொந்தப் பணம்னா எல்லாம் சரியாயிடும்னும் நான் சொல்லல. 2022-ல டோலுடெக்ராவிர்ங்கிற எச்.ஐ.வி. மாத்திரை பல மாநிலத்துல தட்டுப்பாடாகி, டெல்லியில தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஆபீஸ் முன்னாடி எச்.ஐ.வி. உள்ளவங்க வாரக்கணக்குல உக்காந்து போராடுனாங்க. அப்ப வெளிநாட்டுக்காரங்க யாரும் பணத்தை நிறுத்தல. டெண்டர் நேரத்துல முடியல, அவ்வளவுதான். நம்ம ஊர்ல 1994-ல மருத்துவப் பணிகள் கழகம் வச்சு, எந்த ஆஸ்பத்திரியில எத்தனை மருந்து கையிருப்புன்னு கணக்கு வச்சு மருந்து வாங்குற முறையைக் கொண்டு வந்தாங்க, மத்த மாநிலத்துக்காரங்க வந்து பார்த்துட்டுப் போறாங்க. சுகாதாரக் கட்டமைப்பை பலப்படுத்துறதுன்னு பெரிய வார்த்தையில சொல்றது இந்த மாதிரி காரியத்தைத்தான்.

கடைசியா உலக வங்கி விஷயம். தமிழ்நாடு சுகாதாரத் திட்டம்னு 2005-ல இருந்து 2015 வரைக்கும் நடந்துச்சு, அப்புறம் 2019-ல 28.7 கோடி டாலருக்கு சுகாதாரச் சீரமைப்புத் திட்டம் கையெழுத்தாச்சு. இது தானம் இல்லைங்க, கடன், நம்ம பிள்ளைங்க அடைக்கணும். இதுல ஒரு புதுமை, சொன்ன இலக்கை அடைஞ்சாத்தான் அந்தந்தப் பங்குப் பணம் வரும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா காசு நம்பரைப் பார்த்து வருதுன்னா கீழ இருக்குறவங்க மேல எவ்வளவு அழுத்தம் வரும்னு ராத்திரி 11 மணிக்கு ரெஜிஸ்டர் எழுதுன எனக்குத் தெரியும். அதனால இலக்கைச் சரி பார்க்குறவங்க முன்கூட்டி சொல்லாம வரட்டும், திட்டம் முடிஞ்சு அஞ்சாவது வருஷமும் ஒரு தடவை வரட்டும், அந்தச் செலவை ஒப்பந்தத்துலயே முதல்லயே எழுதி ஒதுக்கட்டும். வந்து, அப்ப ஒப்பந்தத்துல இருந்த நர்சு, கவுன்சிலர், லேப் டெக்னீசியன் இப்ப எங்க இருக்காங்க, அந்த வேலை அரசு வேலையாச்சா, இல்ல அந்த நாற்காலி காலியா இருக்கான்னு பேரு பேரா பார்க்கட்டும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உலக வங்கி தன்னோட நிறைவு அறிக்கையெல்லாம் இன்டர்நெட்டுல போட்டுத்தான் வச்சிருக்கு, எல்லாம் இங்கிலீஷ்ல. என் பையன் எடுத்துக் கொடுத்தான், அவனை விட்டே படிச்சுச் சொல்லச் சொன்னேன், ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு. நம்ம ஊரு ஆஸ்பத்திரியைப் பத்தி நம்ம ஊரு நர்சுங்க எழுதுன கணக்குல இருந்து வந்த அறிக்கை, அவங்களே படிக்க முடியாத மொழியில இருக்கு. இந்தத் திட்டங்களோட அறிக்கை வர்றப்பவாவது அதுல முக்கியமானதைத் தமிழ்ல ஒரு பக்கம் போடுங்க. பழைய களப்பணியாளருங்க, எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்புக்காரங்க எல்லாம் படிச்சுட்டு, இது சரி, இது தப்பு, இங்க இப்படி நடக்கலன்னு உங்களுக்கே எழுதுவாங்க. நானும் எழுதுறேன்.

இப்படிக்கு,
முன்னாள் நம்பிக்கை மைய கவுன்சிலர்,
நாமக்கல் மாவட்டம்.
(பேரு போட வேண்டாமுங்க, என்கிட்ட வந்தவங்களை ஊர்ல அடையாளம் கண்டுபிடிச்சிடுவாங்க.)